அது புகையா, டீச்சர்?
நெய்வேலித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

நகரியத்து வட்டங்களிலும், மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர், கெங்கைகொண்டான் என்று சுரங்கத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களிலும் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் என்னோடு வேலை பார்த்தவர்கள். சிலர் என்னிடம் படித்த பிள்ளைகள். நான் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. பணியின் கடைசிச் சில ஆண்டுகளில்தான் என் வகுப்பறைக்குள் திரை வந்தது. அதை வைத்து அறிவியல் நடத்தியதில் நான் செய்த ஒரு தவறையும், அந்தத் தவறு எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான்காம் வகுப்புக்கு நீர்ச் சுழற்சிப் பாடம். கடல், சூரியன், மேகம், மழை எல்லாம் அசையும் அழகான படம் ஒன்று கிடைத்தது. பின்னணியில் இசை, தெளிவான குரல். மூன்று முறை போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் கேள்வி கேட்டேன். ‘ஆவியாதல்’, ‘ஆவி சுருங்குதல்’ என்று ஒரே குரலில் பதில் வந்தது. எனக்கு நிறைவாக இருந்தது.

அன்று மாலை விளையாட்டு நேரத்தில் மைதானத்தில் நின்றிருந்தேன். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் கூலிங் டவரிலிருந்து வெள்ளை வெளேரென்று கிளம்பிக்கொண்டிருந்தது. நீர்ச் சுழற்சியை முதல் ஆளாய் ஒப்பித்த பெண் பக்கத்தில் இருந்தாள். “அது என்னம்மா?” என்று கேட்டேன். “புகை டீச்சர். ஃபேக்டரி புகை” என்றாள். சுற்றி நின்ற அத்தனை பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஒரு பையன், “அதுதான் டீச்சர் மேல போயி மேகமாயிடுது” என்று சேர்த்தான்.

அன்று காலை மூன்று முறை பார்த்த பாடம் அவர்கள் கண்ணெதிரே வானளாவி நின்றது. அவர்களுக்கு அது தெரியவில்லை. படத்தில் வந்த ஆவி வேறு, ஊரில் எழும் வெள்ளை வேறு என்றே நினைத்தார்கள். அந்த இரண்டையும் இணைப்பது என் வேலை. அதை நான் செய்யவில்லை.

மறுநாள் சத்துணவுக் கூடத்து அம்மாவிடம் கேட்டு மூக்கு வைத்த கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்து, கெட்டிலின் மூக்கை மட்டும் பார்க்கச் சொன்னேன். வெள்ளை எங்கே தொடங்குகிறது? மூக்கின் நுனியிலா, சற்றுத் தள்ளியா? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, “நடுவுல ஒண்ணுமே இல்ல டீச்சர், கொஞ்சம் தள்ளித்தான் வருது” என்றது. அந்த விரலளவு இடைவெளியில்தான் நீராவி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. சற்றுத் தள்ளிக் காற்றில் குளிர்ந்து பொடிப்பொடித் துளிகளாக மாறிய பிறகே வெள்ளையாகத் தெரிகிறது. அந்த வெள்ளைக்குக் குறுக்கே ஓர் எவர்சில்வர் தட்டைப் பிடித்தேன். தட்டில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு வழிந்தது. பிறகு பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் டவரைப் பார்க்கச் சொன்னேன். இடுப்புச் சிறுத்து வாய் அகன்று நிற்பது கூலிங் டவர். அதிலிருந்து வருவது இந்தக் கெட்டிலில் வந்ததேதான். அருகில் ஒல்லியாக, உயரமாக நிற்பதுதான் புகைபோக்கி.

அதற்குப் பிறகு முந்தைய நாள் போட்ட அதே படத்தை மறுபடியும் போட்டேன். இந்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டேன். நீர்த் துகள்கள் சூடேறி விலகிப் பறப்பதும், குளிர்ந்து ஒட்டிச் சேர்வதும் வந்த இடத்தில் படத்தை நிறுத்தி, “கெட்டிலில் இது எங்கே நடந்தது?” என்று கேட்டேன். மூக்கின் நுனியில் இருந்த அந்த இடைவெளியையும், அதைத் தாண்டித் தொடங்கிய வெள்ளையையும் பிள்ளைகள் கை காட்டினார்கள். திரையின் பயன் என்ன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கண்ணால் பார்த்த ஒன்றுக்குள் கண்ணால் பார்க்க முடியாமல் என்ன நடக்கிறது என்பதை அது காட்டியது. முதல் நாள் அவர்களுக்குப் பார்த்த பொருளே இல்லை. அதனால் படம் வெறும் படமாகவே நின்றுவிட்டது.

நண்பர்களே, இன்று உங்கள் கையில் இருக்கும் வசதி எங்களுக்கு வாய்க்காதது. 2018 முதல் நம் மாநிலப் பாடநூல்களில் விரைவுக் குறியீடு அச்சாகிறது. போனைக் காட்டினால் படம் திறக்கிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. 2024-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கையடக்கக் கணினிகள் வழங்கும் பணி தொடங்கியது. 22,000-க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை அமைக்கும் திட்டமும் அதே காலத்தில் நடைமுறைக்கு வந்தது. இதற்காக நான் மனமார மகிழ்கிறேன். அறிவியலைக் கரும்பலகையில் ‘வரையறு’ என்று எழுதி மனப்பாடம் செய்ய வைத்த காலம் திரும்பி வர வேண்டாம்.

ஆனால் படத்தைப் பார்த்தாலே பாடம் புரிந்துவிடாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகச் சொன்னது. இயற்பியல் வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டிய சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. பார்ப்பதற்கு முன் ‘என்ன நடக்கும்?’ என்று ஊகித்துச் சொன்னவர்களோ கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கே இந்த நிலை என்றால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தைப் போடுவதற்கு முன் கேளுங்கள். பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். தவறான பதிலையும் அழிக்காமல் விட்டுவையுங்கள். படம் முடிந்ததும் அந்தப் பிள்ளையே எழுந்துவந்து அதைத் திருத்தும்.

படங்களை எப்படி அமைக்க வேண்டும் என்பதையும் நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் உள்ள பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் பற்றிப் பல ஆண்டுகள் சோதனைகள் நடத்தியவர். சொல்லும் படமும் சேர்ந்து வந்தால் வெறும் சொல்லைவிட நன்றாகப் பதியும் என்பது அவர் கண்டது. அதோடு, அலங்காரத்துக்காகச் சேர்க்கும் இசையும் தொடர்பில்லாத படங்களும் கற்றலைக் கெடுக்கும் என்றும், நீண்ட படத்தைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினால் நன்றாகப் புரியும் என்றும் கண்டார். திரையில் எழுதியிருப்பதையே ஆசிரியரும் வாய்விட்டு வாசித்தால் பிள்ளை எழுத்தைப் பார்ப்பதா, படத்தைப் பார்ப்பதா என்று திணறும் என்பதும் அவருடைய சோதனைகளில் தெரிந்தது. வண்ணத் தலைப்பு, சுழலும் எழுத்து, கைதட்டல் ஓசை என்று நாம் ராத்திரி கண்விழித்துச் சேர்ப்பவற்றில் பாதியை நீக்கிவிடலாம். ஒரு திரைக்கு ஒரு படம், அதன் கீழே நான்கைந்து சொற்கள். மீதியை உங்கள் வாய் சொல்லட்டும். நம் நகரியத்தில் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பதிவு செய்த குரல் அவர்களுக்காக நிற்காது. நீங்கள் நிற்பீர்கள்.

திரையை மற்ற வழிகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நம் விஞ்ஞானிகள் தொலைக்காட்சியைக் கொண்டுபோனார்கள். ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில் காலை ஒளிபரப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் அதற்குத் தலைமை தாங்கிய இயற்பியலாளர் யஷ்பால், அறிவியலைப் பிள்ளைகளின் அன்றாட வாழ்விலிருந்தே தொடங்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். அந்த ஓராண்டிலேயே ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் கொடுத்தார்கள். அதில் தொலைக்காட்சி ஒரு பகுதி மட்டுமே. வானொலி, அச்சிட்ட கையேடு, ஆசிரியர்கள் கூடிப் பேசுவது, கையால் செய்து பார்ப்பது எல்லாம் சேர்ந்ததைத்தான் அவர்கள் பல்லூடகம் என்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த இந்த உண்மையைத் திரை மலிவாகிவிட்ட இன்று நாம் மறந்துவிடக் கூடாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அறிவியல் நடத்துவதற்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைத் தூக்கி எறியாமல் ‘இது என்ன?’ என்று அவர் விசாரித்தார். அது பழுப்பு நிலக்கரி. 1956-இல் அதை வெட்டி எடுக்கும் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் முதன்முதலாக நிலக்கரிப் படுகை வெளியே தெரிந்தது. ஒரு மனிதர் கவனித்துக் கேட்ட கேள்வியில் தொடங்கியது நம் ஊர். எந்த அறிவியல் பாடத்துக்கும் இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

நிலக்கரி எப்படி உண்டானது என்று காட்டும் படம் எந்தச் செயலியிலும் கிடைக்கும். அதில் பெரும்பாலும் வெளிநாட்டுக் காடு இருக்கும். அந்தப் படத்துக்கு முன் ஒரு கட்டிப் பழுப்பு நிலக்கரியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சுரங்கத்தில் வேலை செய்யும் பெற்றோர் யாரிடமாவது சொன்னால் முறையாக அனுமதி வாங்கித் தருவார்கள். சில கட்டிகளில் மரத்தின் நார் அப்படியே தெரியும். அதை எடைபோட்டு, வெயிலில் காய வைத்து, ஒவ்வொரு நாளும் எடையைக் குறிக்கச் சொல்லுங்கள். சுரங்கத்திலிருந்து புதிதாக வரும் நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம்தான். நாளாக நாளாக எடை குறையும், கட்டி வெடிப்பு விடும். நம் வீட்டுப் பெரியவர்கள் லெகோ என்ற கரிக்கட்டி வாங்கி அடுப்பெரித்ததற்கும், நிலக்கரியை உலர்த்திக் கரியாக்குவதற்கும் உள்ள தொடர்பை அப்போது சொல்லலாம். அதன் பிறகு படத்தைப் போடுங்கள். மரம் மண்ணுக்குள் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்தியதைக் காட்டத் திரையை விட்டால் வேறு வழியில்லை. அங்கே அது அவசியம். கூடவே திருவக்கரைப் படம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில், நமக்குப் பக்கத்திலேயே, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு மரம் கல்லானதும் இன்னொரு மரம் கரியானதும் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் தண்ணீரைக் காட்டவும் திரை அவசியம். அந்த நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. அதைப் பம்பு வைத்து இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துவிடும். இதை யாரும் நேரில் காட்ட முடியாது. அசையும் படம் காட்டும். ஆனால் பிள்ளையின் விரல் நகத்தளவு இடத்தில் ஆறு கிலோ அரிசிப் பை உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கச் சொல்வது உங்கள் வேலை. பக்கெட் வீல் இயந்திரத்தின் பெரிய வாளி ஒன்று 1,400 லிட்டர் கொள்ளும் என்று திரையில் எழுதினால் அது வெறும் எண். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் டிரம் ஏழு என்றால் பிள்ளைக்கு அது கண்ணில் நிற்கும்.

இந்தப் பிள்ளைகளில் பலர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள். ‘எங்க ஊர்க் கிணத்துல ஏன் டீச்சர் தண்ணி இறங்கிப்போச்சு?’ என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்காதீர்கள். விடை தெரியாவிட்டாலும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அதுவும் அறிவியல்தான்.

திரை இரண்டு விஷயங்களில் பிள்ளைகளுக்குத் தவறான எண்ணத்தைக் கொடுக்கும். ஒன்று அளவு, மற்றொன்று காலம். பூமியையும் நிலாவையும் காட்டும் படங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு கூடைப்பந்தைப் பூமி என்று வைத்தால் டென்னிஸ் பந்துதான் நிலா. இரண்டையும் இரு பிள்ளைகளிடம் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரு முழம், இரண்டு முழம் என்பார்கள். உண்மையில் ஏழு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிலா நடந்து போகட்டும். அதைப் பார்த்த பிள்ளை பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும், ‘இது சரியான தூரம் இல்லை’ என்று தானே சொல்லும்.

காலத்துக்குப் பச்சைப் பயறு. விதை பத்து நொடியில் முளைத்துச் செடியாகும் படத்தை எல்லோரும் காட்டுகிறோம். அதைக் காட்டுவதற்கு முன், ஈரத் துணியில் பயறு போட்டு ஜன்னலோரம் வையுங்கள். தினமும் அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து, ஒரு பிள்ளை உங்கள் போனில் ஒரு படம் எடுக்கட்டும். ஏழாம் நாள் அந்த ஏழு படங்களையும் வேகமாகத் தள்ளிக் காட்டுங்கள். அது அவர்களே எடுத்த படம். பத்து நொடிப் படத்துக்குள் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்பது அதற்குப் பிறகு அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு இருக்கும் பிள்ளையிடம் பூ, பிஞ்சு, பழம் என்று படம் எடுத்து வரச் சொல்லுங்கள். நாம் பழம் என்று தின்பது உண்மையில் பருத்த காம்புதான், கீழே தொங்கும் கொட்டைதான் அதன் கனி என்பதை அந்தப் படங்களை வைத்தே நடத்தலாம். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு ஆப்பிள் படத்தைவிட இது நெருக்கம்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாதது இல்லை. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளில், நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் படத்தைப் போட்டுவிட்டு ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பதிவேடும் கூட்டமும் நேரத்தைத் தின்கின்றன. மின்சாரம் பிறக்கும் ஊரிலும் வகுப்பறையில் ஒயர் தகராறு வருகிறது. இதையெல்லாம் மீறி எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் போதும். ஒரு பள்ளி கூலிங் டவரைப் படம் எடுக்கட்டும், இன்னொரு பள்ளி முந்திரியை எடுக்கட்டும், மற்றொன்று ஏரிப் பறவைகளை எடுக்கட்டும். குறுவளமையக் கூட்டத்தில் மாற்றிக்கொண்டால் ஓராண்டில் நெய்வேலிப் பிள்ளைகளுக்கென்று நெய்வேலி மொழியில் ஒரு படத்தொகுப்பு உங்கள் எல்லோர் கையிலும் இருக்கும். பள்ளியிலும் சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் நகரியத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். கெட்டிலைப் பிடிக்கவாவது ஆள் வேண்டுமே.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வரும் மார்கழியில் ஒரு நாள் காலை, பனி விலகுவதற்கு முன், பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். குளிர்ந்த காற்றில் டவரின் வெள்ளை அன்று மிக உயரமாக நிற்கும். “அது என்ன?” என்று கேளுங்கள். ‘புகை’ என்று சொன்னால் திருத்தாதீர்கள். சித்திரை வெயிலில் அதே இடத்துக்கு மறுபடியும் அழைத்துப் போய், அந்த வெள்ளை ஏன் இப்போது குட்டையாகிவிட்டது என்று கேளுங்கள். இடையில் இருக்கும் அந்த நான்கு மாதத்தில் உங்கள் திரையைப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
நெய்வேலி.